டேங்க் மூடில சாவி சும்மா சுத்துது, மூடி திறக்க மாட்டேங்குது. ரிப்பேர் பண்ணலாமா, புதுசா மாத்தணுமா?

மழைவழி:

வணக்கம் நண்பர்களே. என்னோட பைக் 150 சிசி, பழசு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. டேங்க் மேல படிஞ்ச மாதிரி வட்டமா உக்காந்திருக்குமே, சுத்தி போல்ட் தலையா தெரியும், சாவி போட்டு திருப்பினா கீல்ல தூக்கிக்கிட்டு திறக்கும், அந்த டைப் மூடி. கொஞ்ச நாளாவே சாவி டைட்டா தான் போயிட்டு இருந்துச்சு, கொஞ்சம் ஆட்டி ஆட்டி திருப்பினா தான் திறக்கும். இப்போ பெட்ரோல் போடலாம்னு நிறுத்தி திருப்பினா, வழக்கமா கால் சுத்துல வந்து நிக்கிற சாவி நிக்காம முழுசா சுத்திடுச்சு, உள்ள கடக்னு ஒரு சத்தம் வேற. அதுக்கப்புறம் எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுத்துது, மூடி அசையவே இல்ல. டேங்க்ல பெட்ரோல் ரிசர்வ் அளவுக்கு தான் இருக்கும்.

பக்கத்துல இருக்க மெக்கானிக் கிட்ட காட்டினேன், லாக்க ட்ரில் போட்டு உடைச்சு எடுத்துட்டு புது மூடி போட்டுக்கலாம், ஒரு மணி நேர வேலைனு சொல்றாரு. எனக்கு டேங்க் மேல ட்ரில் போடுறதுனாலே வயித்த கலக்குது. இதுல ரெண்டு மூணு கேள்வி இருக்கு. ட்ரில் இல்லாம திறக்க வழி இருக்கா? திறந்தா உள்ள உடைஞ்சத மட்டும் சரி பண்ண முடியுமா இல்ல மூடியே மாத்தணுமா? மாத்தினா இப்ப இருக்க அதே சாவிலயே வேலை செய்யுமா, ஏன்னா இக்னிஷனுக்கு ஒரு சாவி டேங்க்குக்கு ஒரு சாவினு வச்சுக்க எனக்கு பிடிக்கல. தெரிஞ்சவங்க விவரமா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.


வேகம்77:

ப்ரோ, நம்ம பசங்க எல்லாம் ட்ரில் போட்டு தான் எடுப்பாங்க, லாக் உள்ள இருக்கிறது மெல்லிசு உலோகம் தான் சீக்கிரம் போயிடும். ஈரத்துணி சுத்தி வச்சுட்டு மெதுவா போட சொல்லுங்க. மூடி எப்படியும் போச்சு, அத காப்பாத்த நேரம் செலவு பண்ணாதீங்க.


பழைய ஸ்பேனர்:

தம்பி, ட்ரில் பக்கமே போகாதீங்க. வேகம் ப்ரோ, கோவிச்சுக்காதீங்க, இதுல நான் உங்களோட ஒத்துப்போக மாட்டேன்.

டேங்க்ல பெட்ரோல் கம்மியா தானே இருக்கு, பயமில்லனு நிறைய பேர் நினைக்கிறாங்க. நிலைமை நேர் எதிர். எரியறது பெட்ரோல் இல்ல, பெட்ரோலோட ஆவி. நிறைஞ்ச டேங்க்ல ஆவிக்கு இடம் கம்மி, காலி டேங்க்ல அடியில கொஞ்சம் பெட்ரோல், மேல பூரா ஆவி தான். காத்துல கிட்டத்தட்ட 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் அந்த ஆவி கலந்திருந்தா பத்திக்கும். டேங்க் உள்ள மூடியே இருக்கிறப்ப ஆவி ரொம்ப அடர்த்தியா இருக்கும், ஆனா நீங்க ஓட்டை போடுற அந்த இடத்துல தான் அது வெளிக்காத்தோட கலந்து சரியா பத்திக்கிற அளவுக்கு வருது. மைனஸ் 40 டிகிரி குளிர்லயே பத்திக்கிற அளவுக்கு ஆவி விடுற சாமான் பெட்ரோல், அதனால காலைல குளிர்ச்சியா இருக்கப்ப பண்ணலாம்ங்கிற பேச்செல்லாம் எடுபடாது. சாதாரண ட்ரில் மோட்டார்ல கார்பன் பிரஷ் இருக்கும், ஓடும்போது உள்ள பொறி பறந்துக்கிட்டே இருக்கும், பேட்டரி ட்ரில்லா இருந்தாலும் பல மாடல் அப்படித் தான். ஈரத்துணி அந்தப் பொறிய தடுக்காது. இது போக உலோகத் துருவல் எல்லாம் டேங்க் உள்ள விழும், அது பம்ப்புக்கோ கார்பரேட்டருக்கோ போய் சேரும்.

சரி, திறக்கிற வழிக்கு வர்றேன். முதல்ல பைக்க வெட்டவெளில, காத்தோட்டமா நிறுத்துங்க. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், கீழ இறங்கி தரையோட ஓடி தூரத்துல இருக்க நெருப்பு வரைக்கும் போகும், அதனால ஷெட்டுக்குள்ள வச்சு பண்ண வேண்டாம். இன்ஜின் நல்லா ஆறட்டும். இப்போ உள்ளங்கைய மூடி மேல வச்சு பலமா கீழ அழுத்துங்க, அழுத்தின கைய எடுக்காம இன்னொரு கையால சாவிய திருப்புங்க. காரணம் என்னன்னா மூடிக்கு அடில ரப்பர் வாஷர் ஒண்ணு இருக்கு, அது ஊறி உப்பினா மூடிய எந்நேரமும் மேல தள்ளிக்கிட்டே இருக்கும், அந்த அழுத்தத்துல லாக் நாக்கு, அதாவது மூடிய பூட்டி பிடிக்கிற துண்டு, விளிம்புல இறுகி பிடிச்சுக்கும். அழுத்தினா நாக்கு மேல இருக்க சுமை போயிடும். டேங்க் மூடி திறக்கலனு சொல்றதுல பாதி கேஸ் இதுலயே முடிஞ்சிடும்.

உங்களோடது சாவி முழு சுத்து சுத்துதுனு சொல்றீங்க. அப்படின்னா லாக் பேரலோட (சாவி நுழையற உருளை) பின் பக்க வால், அதாவது நாக்க பின்னாடி இழுக்கிற துண்டு, உடைஞ்சிருக்கணும் இல்ல கழண்டிருக்கணும். சில நேரம் அது முழுசா விழாம தொங்கிக்கிட்டு இருக்கும். சாவிய லேசா வெளிப்பக்கம் இழுத்து பிடிச்சபடி திருப்பிப் பாருங்க, அப்புறம் உள்ள அழுத்தி திருப்பிப் பாருங்க, எங்கயாவது ஒரு இடத்துல பிடி கிடைச்சா அந்த இடத்துல நிறுத்தி மூடிய அழுத்தி விடுங்க.

அதுவும் இல்லையா, ஒரு விஷயம் யோசிச்சு சொல்லுங்க. உங்க மூடி மூடுறப்ப சாவி திருப்பாமலே அழுத்தினா டக்குனு பூட்டிக்குமா? பூட்டிக்கும்னா நாக்கோட முனை சரிவா இருக்கு, ஸ்பிரிங்ல நிக்குதுனு அர்த்தம். அப்போ கீல் இருக்க பக்கத்துக்கு நேர் எதிர் பக்கம், மூடிக்கும் அத சுத்தி இருக்க ரிங்குக்கும் நடுவுல இருக்க இடைவெளில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடு செட்) பிளேடு மாதிரி மெல்லிசான தகடு ஒண்ண விட்டு அந்த சரிவ பின்னாடி தள்ள முடியும். பித்தளை தகடு கிடைச்சா இன்னும் நல்லது, பெயிண்ட்லயும் கீறல் விழாது. பொறுமையா பண்ணணும், ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பினா டேங்க் விளிம்பு நெளிஞ்சிடும், அப்புறம் எந்த புது மூடியும் அதுல சரியா உக்காராது.

கடைசி வழி சுத்தி இருக்க போல்ட். இதுல பாதி டம்மி, அழகுக்கு வச்சது, அத திருப்பினா தலை தான் போகும். நிஜ போல்ட்ல அலன் கீ ஆழமா இறங்கும், டம்மில மேலாப்ல நிக்கும், அத வச்சு கண்டுபிடிங்க. சில மாடல்ல நிஜ போல்ட் எல்லாம் வெளியவே இருக்கும், கழட்டினா மூடி ரிங்கோட சேர்ந்து மொத்தமா கையில வந்துடும். ஆனா திருட்டுக்கு பயந்து நிறைய மாடல்ல ஒரு போல்ட்டயாவது மூடிக்கு அடில ஒளிச்சு வச்சிருப்பாங்க, அப்போ இந்த வழி உதவாது.


மழைவழி:

அண்ணா, கோடி நன்றி. திறந்துடுச்சு! அழுத்தி திருப்பினதுல ஒண்ணும் ஆகல, ஆனா நீங்க கேட்ட மாதிரி இது அழுத்தினா தானா பூட்டிக்கிற டைப் தான், ஃபீலர் கேஜ்ல மெல்லிசு பிளேடா எடுத்து முன்பக்கம் விட்டு, தம்பிய மூடி மேல அழுத்திக்க சொல்லிட்டு, மெதுவா அங்கயும் இங்கயும் நகர்த்தினேன், நாக்கு பின்னாடி போனது கையிலயே தெரிஞ்சுது. பெயிண்ட்ல ஒரு கீறல் இல்ல.

உள்ள பாத்தா நீங்க சொன்னது தான், பேரல் பின்னாடி இருக்க வால் ஒடிஞ்சு மூடிக்குள்ளயே கிடந்துச்சு, நல்லவேளை டேங்க்ல விழல. நாக்கோட ஸ்பிரிங் துருப்பிடிச்சு பாதி அளவு தான் விரியுது. ரப்பர் வாஷர் கல்லு மாதிரி ஆகி ஒரு பக்கம் வெடிச்சிருக்கு. அது போக ரிங்க சுத்தி உள் பள்ளத்துல சேறு மாதிரி கருப்பா படிஞ்சு கிடக்கு, அலுமினியத்துல வெள்ளையா பொடி பூத்திருக்கு. இப்போ மூடிய தனியா கழட்டி வச்சுட்டேன், டேங்க் வாய சுத்தமான பிளாஸ்டிக் கவர் ரெண்டு மடிப்பா போட்டு கயிறு கட்டி வெளிய நிழல்ல நிறுத்தியிருக்கேன். ஒடிஞ்ச வால ஒட்டவோ வெல்ட் பண்ணவோ முடியுமா? வாஷருக்கு பதிலா சைக்கிள் டியூப்ப வட்டமா வெட்டிப் போட்டா போதும்னு ஒருத்தர் சொல்றாரு, சீலன்ட் தடவலாம்னு இன்னொருத்தர் சொல்றாரு.


சாவிக்கொத்து:

லாக் வேலைல இருக்கேன், அதனால வால் விஷயத்துக்கும் சாவி விஷயத்துக்கும் மட்டும் நான் பதில் சொல்றேன்.

அந்த வால் ஒட்டாது. பேரல் பெரும்பாலும் துத்தநாகக் கலவைல வார்த்தது, சீக்கிரம் உருகும், லேசா வளைச்சா ஒடியும், வெல்டிங் வச்சா துண்டே உருகி ஓடிடும். பசைல ஒட்டினா, சாவி திருப்புற ஒவ்வொரு தடவையும் முறுக்கு விழுற இடம் அது, பெட்ரோல் ஆவிலயே இருக்க வேண்டிய இடமும் கூட, நடு வழில மறுபடி விட்டுடும். பேரல் மட்டும் தனியா கிடைச்சா அத மாத்துங்க, நிறைய மாடலுக்கு கிடைக்காது, அப்போ முழு மூடியா தான் வாங்கணும். உங்களுக்கு ஸ்பிரிங்கும் வாஷரும் வேற போயிருக்கு, அதனால யோசிக்காம முழு மூடிக்கு போயிடுங்க.

வாங்கும்போது பைக் பேர மட்டும் சொல்லி வாங்காதீங்க, ஒரே பேர்ல வருஷத்துக்கு வருஷம் டேங்க் மாறியிருக்கும். சேசிஸ் நம்பர் வச்சு பார்ட் நம்பர் பாத்து வாங்குங்க, பழைய மூடிய கையோட கொண்டு போய் போல்ட் ஓட்டை எத்தனை, எதிரெதிர் ஓட்டைக்கு நடுவுல எவ்வளவு தூரம், டேங்க் வாய்க்குள்ள இறங்குற கழுத்து எவ்வளவு அகலம்னு பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. உடைச்ச வண்டில இருந்து எடுத்த பழைய மூடியும் வாங்கலாம், தப்பே இல்ல, ஆனா சாவியோட வந்தா மட்டும் வாங்குங்க, வாங்குற இடத்துலயே பத்து தடவை பூட்டி திறந்து பாருங்க.

இப்போ அதே சாவி பத்தி. நல்ல சேதி என்னன்னா பெரும்பாலான பைக்ல இத பண்ண முடியும். புது மூடி வேற சாவியோட தான் வரும். அந்த பேரல வெளிய எடுத்தா அதுல பித்தளைல சின்னச் சின்ன தகடு வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் அடில முடி மாதிரி ஒரு ஸ்பிரிங். தகடுல நடுவுல ஒரு செவ்வக ஓட்டை, அந்த ஓட்டை தகட்டுக்குத் தகடு ஏறி இறங்கி இருக்கும், அது தான் சாவியோட பல்லுக்கு ஜோடி. சில கம்பெனி தகட்டுல நம்பரும் குத்தியிருப்பாங்க. உங்க பழைய சாவிய புது பேரல்ல விட்டுப் பாருங்க. எந்தத் தகடு பேரல் பரப்போட சமமா நிக்குதோ அது சரி, எது வெளிய துருத்திக்கிட்டு நிக்குதோ அது தப்பு. தப்பான தகட்ட எல்லாம் எடுத்து இடம் மாத்தி மாத்தி போட்டுப் பாருங்க, பழைய பேரல்ல இருக்க தகடும் அதே அளவா இருந்தா அதையே அப்படியே வரிசை மாறாம இதுல ஏத்திடலாம், அது தான் இருக்கறதுலயே சுலபம். ஒரு தகடு எப்படியும் பொருந்தலன்னா அத மட்டும் விட்டுடலாம், பூட்டு வேலை செய்யும். அதுக்கு மேல விடாதீங்க, எந்த சாவி போட்டாலும் திறக்கிற பூட்டா ஆயிடும். இந்த வேலைய விளிம்பு உள்ள தட்டு மேல வச்சு பண்ணுங்க, ஸ்பிரிங் ஒண்ணு துள்ளி விழுந்தா தேடி எடுக்கவே முடியாது.

பயம்னா பூட்டு வேலை செய்றவங்க கிட்ட பழைய சாவியும் புது மூடியும் குடுத்துடுங்க, இது அவங்களுக்கு தினசரி வேலை. மொத்த லாக் செட்டா, இக்னிஷன், டேங்க், சீட்னு சேர்த்து வாங்கறதும் ஒரு வழி தான். ஆனா சாவில சிப் இருக்க பைக்னா அந்தப் பக்கம் போகாதீங்க, இக்னிஷன் மாத்தினா புது சாவிய வண்டி கம்ப்யூட்டருக்கு பழக்கணும், டேங்க் மூடிக்காக அவ்வளவு பெரிய வேலைய இழுத்துப் போட்டுக்க வேண்டியதில்ல. டேங்க் பூட்டு வெறும் இரும்பு வேலை தான், சிப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.

இன்னொண்ணு, சாவி ஆட்டி ஆட்டி தான் போச்சுனு சொன்னீங்க. உங்க சாவி தேஞ்சிருக்கும். தேஞ்ச சாவிய வச்சு டூப்ளிகேட் வெட்டினா தேய்மானமும் சேர்ந்து காப்பி ஆகும். சாவி கோட் நம்பர் இருந்தா அத வச்சு வெட்டச் சொல்லுங்க, இல்லன்னா வீட்ல பெட்டில சும்மா கிடக்கிற ரெண்டாவது சாவிய வச்சு வெட்டுங்க. பூட்டுக்குள்ள என்ஜின் ஆயிலோ கிரீஸோ விடாதீங்க, தூசிய இழுத்து களிம்பாக்கிடும். கிராஃபைட் பொடி, இல்லன்னா காஞ்சு போற டெஃப்லான் ஸ்ப்ரே, ரெண்டுல ஒண்ணு.


ரெண்டாவது கியர்:

திரியோட நடுவுல புகுந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும், என்னோடதும் மூடி சம்பந்தமா தான் இருக்குமோனு சந்தேகம். கார்பரேட்டர் வண்டி, வேற கம்பெனி மூடி போட்டதுல இருந்து கொஞ்ச தூரம் ஓடினதும் மூச்சு வாங்கி வாங்கி நின்னுடுது. அஞ்சு பத்து நிமிஷம் விட்டு ஸ்டார்ட் பண்ணா எடுக்குது, மறுபடி அதே கதை. பிளக் மாத்தியாச்சு, கார்பரேட்டர் கழுவியாச்சு.


பழைய ஸ்பேனர்:

கியர், உங்க வண்டிக்கு மூச்சு அடைக்குது, நிஜமாவே. சரியான இடத்துல தான் கேட்டிருக்கீங்க, மழைவழி தம்பியும் இத படிச்சுட்டு தான் மூடி வாங்கப் போகணும்.

டேங்க்ல இருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் கீழ போனா அந்த இடத்துக்கு ஒரு லிட்டர் காத்து உள்ள வந்தாகணும். வரலன்னா, தண்ணி பாட்டில கவுத்துப் பிடிச்சா குபுக் குபுக்னு நின்னு நின்னு வருமே, அந்த நிலைமை தான். கார்பரேட்டர் வண்டில பெட்ரோல் தானா இறங்கணும், டேங்க்குள்ள வெற்றிடம் உண்டானா இறங்காது, கார்பரேட்டர்ல பெட்ரோல் நிக்கிற கிண்ணம், அதாவது ஃப்ளோட் பவுல், காலியாகி வண்டி நிக்கும். நிறுத்தி வச்சா எங்கயோ ஒரு சந்துல காத்து கசிஞ்சு உள்ள போகும், மறுபடி எடுக்கும். எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) வண்டில பம்ப் இழுத்துக்கிட்டே இருக்கும், அதனால உடனே நிக்காது, ஆனா பம்ப்புக்கு சிரமம், அடைப்பு முழுசா இருந்தா டேங்க் தகடே உள்வாங்கற அளவுக்கு போகும்.

சோதனை ரொம்ப சுலபம். வண்டி நின்ன அந்த நொடியே ஓரம் கட்டி மூடிய திறங்க. காத்து உள்ள இழுக்கிற புஸ்ஸுனு சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட் ஆச்சுன்னா மூடி தான் குத்தவாளி, வேற எதையும் கழட்டாதீங்க. வெயில்ல நின்ன வண்டிய திறக்கிறப்ப வெளிய வர்ற புஸ் வேற, அது உள்ள இருக்க ஆவி விரிஞ்சதால வர்றது, லேசா வந்தா பிரச்சனை இல்ல.

மூடிக்கு அடில பாத்தா ஊசி துளை மாதிரி ஒண்ணு இருக்கும், உள்ள ஒரு சின்ன வால்வு, பல மூடில ஒரு குண்டும் இருக்கும். வண்டி சாஞ்சு விழுந்தா அந்த குண்டு உருண்டு துளைய அடைச்சு பெட்ரோல் கொட்டாம காக்கும். தூசி சேர்ந்தோ துரு பிடிச்சோ குண்டு ஒட்டிக்கிட்டா நேரா நிக்கும்போதும் அடைச்சுக்கும். மூடிய தனியா கழட்டி, கார்பரேட்டர் கிளீனர் அடிச்சு, மெல்லிசு டியூப் வச்சு காத்து ஊதிப் பாருங்க, வாய வச்சு உறிஞ்சிப் பாக்காதீங்க. கம்பி விட்டு துளைய பெருசாக்கவும் வேண்டாம், அப்புறம் வண்டி சாஞ்சா ஒழுகும்.

இப்போ முக்கியமான விஷயம். எல்லா வண்டியும் மூடி வழியா மூச்சு விடறதில்ல. புது எஃப்ஐ வண்டில நிறைய டேங்க்ல ஆவிக்குனு தனி டியூப் இருக்கு, அது கரி டப்பா ஒண்ணுக்கு போகும், ஆவி காத்துல போகாம அந்தக் கரில பிடிச்சு வச்சு இன்ஜினுக்கே திருப்பி விடும். அந்த மாதிரி வண்டிக்கு வர்ற மூடில வெளிய திறந்த துளை இருக்காது. அந்த மூடிய, மூடி வழியா மூச்சு விடற பழைய டேங்க்ல போட்டா கியருக்கு நடந்தது நடக்கும். மாத்திப் போட்டா, துளை உள்ள மூடிய கரி டப்பா வண்டில போட்டா, பெட்ரோல் வாசம் அடிச்சுக்கிட்டே இருக்கும், ஆவியும் வீணாப் போகும். போல்ட் ஓட்டை பொருந்துது, பளபளனு இருக்குனு மட்டும் பாத்து ரேஸ் டைப் மூடி வாங்கறவங்க இத கேக்கறதே இல்ல. கால் சுத்துல கழண்டு வர்ற அந்த மூடில பலதுல பூட்டும் கிடையாது.


மழைவழி:

அண்ணா, என்னோடது கார்பரேட்டர் தான், பழைய மூடி அடில துளை இருக்கு, பாத்துட்டேன். டியூப் வாஷர், சீலன்ட் பத்தியும் யாராவது சொல்லுங்களேன். புது மூடி வர்ற வரைக்கும் கவர் கட்டியே பக்கத்துல ஓட்டலாமா?


செயின் லூப்:

ஓட்டாதீங்க ப்ளீஸ். நிறுத்தி வச்சிருக்க வண்டிக்கு தூசி மழை படாம கவர் கட்டறது சரி, அதுவும் வீட்டுக்குள்ள வேண்டாம், வெளியவே இருக்கட்டும். ஓடும்போது பிரேக் பிடிச்சா பெட்ரோல் முன்னாடி அலை அடிச்சு மேல வரும், வர்ற இடம் உங்க தொடை, அதுக்கு கீழ சூடான இன்ஜின். சில பேர் துணிய உருட்டி டேங்க் வாய்ல அடைச்சுட்டு ஓட்டறாங்க, பாக்கவே பதறுது, துணி பெட்ரோல உறிஞ்சி மேல ஏத்தும், விளக்குத் திரி தான் அது. வண்டிய வேற எங்கயாவது கொண்டு போகணும்னா ஏத்திக்கிட்டு போங்க.

சைக்கிள் டியூப் ரப்பர் பெட்ரோலுக்கு ஆகாது. ஊறி ரெண்டு மடங்கா உப்பிடும், கொழகொழனு ஆகிடும், அப்புறம் மறுபடி மூடி இறுகி நாக்கு சிக்கும், நீங்க எங்க ஆரம்பிச்சீங்களோ அங்கயே தான். பெட்ரோலுக்குனு வர்ற ரப்பர் நைட்ரைல், அத விட நல்லது விட்டான் (Viton)ங்கிற ரப்பர். இப்போ பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க, 10 சதவீதம் 20 சதவீதம்னு, அத பழைய ரப்பர் பல நேரம் தாங்கறதில்ல, அதனால தான் முன்னாடி பல வருஷம் வந்த வாஷர் இப்ப சீக்கிரம் கெடுது. சிலிக்கான் சீலன்ட் அத விட மோசம். சாதாரண சிலிக்கான் பெட்ரோல்ல ஊறி பிஞ்சு துண்டு துண்டா டேங்க்குள்ள விழும், ஃபில்டர்லயும் ஜெட்லயும் போய் உக்காரும், அத எடுக்கிற வேலை மூடி மாத்தறத விட பத்து மடங்கு. ரிங்குக்கும் டேங்க்குக்கும் நடுவுலயும் ஒரு கேஸ்கெட் வரும், அதையும் பழச போடாம புதுசா போடுங்க.

உங்க பதிவுல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது அந்த சேறு. யாரும் அத தொடல, அதனால சொல்றேன். ரிங்க சுத்தி இருக்க பள்ளத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், டேங்க்குக்குள்ளயே ஒரு குழாய் கீழ வரைக்கும் போய் வண்டிக்கு அடில தண்ணிய விடும். மழைத்தண்ணி, வண்டி கழுவுற தண்ணி எல்லாம் அது வழியா தான் இறங்கணும். அது சேறு வச்சு அடைச்சா தண்ணி பள்ளத்துலயே நிக்கும், வெடிச்ச வாஷர் வழியா டேங்க்குக்குள்ள போகும். உங்க ஸ்பிரிங் துரு, அலுமினியத்துல வெள்ளை பூத்தது, எல்லாமே தேங்கின தண்ணியோட வேலைனு தான் நான் சொல்வேன். இத சரி பண்ணாம புது மூடி போட்டா அதுவும் இதே மாதிரி துரு பிடிச்சு நிக்கும்.

புல் வெட்டற மெஷின்ல போடற நைலான் கயிறு இல்லன்னா தூண்டில் நரம்பு தடிமனா எடுத்து மேல இருந்து விட்டு மெதுவா குத்தி எடுங்க. இரும்புக் கம்பி வேண்டாம், அந்தக் குழாய் துரு பிடிச்சு மெல்லிசா இருந்தா ஓட்டை விழுந்து பெட்ரோல் அது வழியா ஒழுகும். அப்புறம் ஒரு சிரிஞ்ச்ல கொஞ்சம் தண்ணி விட்டு கீழ டியூப்ல சொட்டுதானு பாருங்க. விடறதுக்கு முன்னாடி டேங்க் வாய நல்லா அடைச்சுக்கங்க.

டேங்க்ல ஏற்கனவே தண்ணி போயிருக்கானும் பாத்துடுங்க. டேங்க்ல இருந்து கார்பரேட்டருக்கு போற பெட்ரோல் டியூப்ப கழட்டி கொஞ்சம் பெட்ரோல கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு அசையாம வைங்க. தண்ணி கனம், அடில தனியா கோடு போட்ட மாதிரி நிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல்னா கொஞ்சம் தண்ணிய தனக்குள்ள கரைச்சுக்கும், அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்தே பிரிஞ்சு அடில இறங்கிடும், அந்த அடி பெட்ரோல்ல வண்டி எடுக்காது. அப்படி தெரிஞ்சா மொத்தமா வடிச்சுட்டு புதுசா ஊத்துங்க.


ரெண்டாவது கியர்:

ஸ்பேனர் அண்ணா, வண்டி நின்னதும் திறந்தேன், புஸ்ஸுனு உள்ள இழுத்துச்சு, உடனே எடுத்துடுச்சு. இத்தன நாள் கார்பரேட்டர போட்டு பாடா படுத்திட்டு இருந்தோம். வாங்கின மூடில துளையே இல்ல. பழைய மூடிய சுத்தம் பண்ணி மாட்டப் போறேன். ரொம்ப நன்றிண்ணா.


மழைவழி:

எல்லாருக்கும் நன்றி. இப்போ நிலவரம். பார்ட் நம்பர் பாத்து மூடி வாங்கியாச்சு, அடில துளை இருக்கு, ஊதிப் பாத்தேன் காத்து போகுது. பழைய பேரல்ல இருந்த தகடு எல்லாம் புதுசுல அப்படியே உக்காந்துச்சு, வரிசை மாறாம ஒவ்வொண்ணா மாத்தினேன், பழைய சாவிலயே திறக்குது, சாவிக்கொத்து அண்ணாவுக்கு தனி நன்றி. அந்த வடிகால் ஓட்டை சுத்தமா அடைச்சு தான் இருந்துச்சு, நைலான் விட்டதும் கருப்பா ஒரு கட்டி கீழ வந்து விழுந்துச்சு, அதுக்கப்புறம் தண்ணி சரசரனு இறங்குது. பாட்டில்ல பிடிச்ச பெட்ரோல்ல அடில ஒரு விரல் அளவுக்கு தண்ணி, மொத்தத்தையும் வடிச்சுட்டேன். மாட்டறதுக்கு முன்னாடி ஏதாவது கவனிக்கணுமா?


பழைய ஸ்பேனர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. மாட்டும்போது டேங்க் வாய்க்குள்ள நூல் பிரியாத சுத்தமான துணி ஒண்ண அடைச்சு வச்சுட்டு போல்ட் போடுங்க, ஒரு போல்ட் உள்ள விழுந்தா காந்தம் விட்டு எடுத்துக்கலாம்னு நினைக்காதீங்க, ஸ்டெயின்லெஸ் போல்ட் பலது காந்தத்துல ஒட்டாது. போல்ட் மரைல லேசா கிரீஸ் தடவி, முதல்ல எல்லாத்தையும் கையால இறக்கிட்டு, அப்புறம் எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க. சின்ன போல்ட், அலன் கீயோட குட்டைப் பக்கத்த பிடிச்சு திருப்பற பலம் போதும், அதுக்கு மேல போனா மரை வழுக்கிடும். மூடிய மூடறதுக்கு முன்னாடி, மூடி திறந்தே இருக்கும்போது நாக்க விரலால அழுத்திட்டு சாவி திருப்பி நாக்கு முழுசா உள்ள போகுதா பாருங்க. போகாம மூடிட்டீங்கன்னா மறுபடி ஃபீலர் கேஜ் எடுக்கணும். அடைச்ச துணிய எடுக்க மறக்காதீங்க.

பெட்ரோல் போடும்போது வாய் வரைக்கும் ததும்ப ரொப்ப வேண்டாம், உள்ள தெரியற கழுத்துக்கு கீழயே நிறுத்துங்க. பெட்ரோல் சூட்டுல நல்லா விரியும், 12 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடு ஏறினா 200 மில்லிக்கு மேலயே கூடும், இடம் இல்லன்னா அது மூடி துளை வழியா தான் வெளிய வரும், உங்க புது வாஷரும் அதுல ஊறிக்கிட்டே இருக்கும். மாட்டினதும் வண்டிய ஒரு பக்கமா லேசா சாச்சுப் பிடிச்சு கசிவு இருக்கா பாத்துட்டு, பக்கத்துலயே ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து மூடிய திறந்து பாருங்க, உள்ள இழுக்கிற சத்தம் வரலன்னா தூரமா எடுத்துட்டுப் போலாம்.